ஒரு மாதிரி

முதலில் இறக்கிய செயலியில் ஓர் ஆமை இருந்தது.
இலவசம். மூன்றாம் நாள் ஆமை வாய் திறந்தது:
மாதம் பன்னிரண்டு யூரோ கட்டினால்
உங்கள் கவலைக்குள் இன்னும் ஆழமாகப் போகலாம்.
என் கவலை ஏற்கெனவே போதிய ஆழம்.
அழித்தேன்.

இரண்டாவதில் பெண்குரல், பின்னால் மழைச்சத்தம்.
வூப்பர்டாலில் இருந்துகொண்டு
மழைச்சத்தத்துக்குக் காசு கொடுப்பேனா?
யன்னலைத் திறந்தால் போதும்.

மூன்றாவது ஒன்றும் கேட்கவில்லை,
போனில் உள்ள பெயர்களையெல்லாம் பார்க்கட்டுமா என்பதைத் தவிர.
அதில் என் மாமியார் இருக்கிறார்.
வேண்டாம் என்றேன்.
திறக்காமலே மூடிக்கொண்டது.

நான்காவதை டொக்டர் ப்ரோய்க்கர் எழுதித் தந்தார்,
இருமல் மருந்து எழுதும் அதே முகத்தோடு.
மனநல வைத்தியரிடம் இடம் கிடைக்க ஏழு மாதம்,
அதுவரை இது என்றார்.
காப்புறுதிக்காரர் தபாலில் அனுப்பினார்கள்
பதினாறு எழுத்தில் ஒரு குறியீடு.
தொண்ணூறு நாள் செல்லுபடியாகும்.
பால்பெட்டியில் பார்ப்பதுபோல்
தேதியை இரண்டு தரம் பார்த்தேன்.

காலையில் ஐந்து முகங்கள் வரும்.
இன்றைக்கு எப்படி?
ஐந்திலும் என் முகம் இல்லை.
கீழே சொற்பட்டியல்: பயம், கோபம், வெறுமை, களைப்பு.
ஜெர்மனில் சொல்லோடு சொல்லை ரெயில்பெட்டிபோல் கொழுவி
எதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு வேண்டியது மட்டும் இல்லை:

ஒரு மாதிரி இருக்கு.

சாப்பிட்டாச்சு, சாப்பிட்ட மாதிரி இல்லை.
நித்திரை கட்டில்வரை வந்தது, எனக்கு வரவில்லை.
அழவில்லை. அழுதுமுடித்த கண்.
இதையெல்லாம் விளக்கத் தேவையில்லாத மொழியில்
என்னிடம் கேட்க ஆளில்லை.

இருபத்திரண்டு நாள் நடுமுகத்தையே அழுத்தினேன்,
தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாய்ப் புள்ளடி போடுவதுபோல.
பிறகு விட்டுவிட்டேன்.
மாலை ஆறுக்கு வந்தது: உங்களைக் காணவில்லையே.
யார் தேடியது?
எந்த ஊரில், எந்தக் குளிரறையில் இரையும் பெட்டி?
ஆனாலும்
அன்று என்னைத் தேடியது அது ஒன்றுதான்.

மருத்துவமனைச் சலவை அறையில்
படுக்கை விரிப்பை இரண்டுபேராய்த்தான் மடிக்கவேண்டும்.
மூலையோடு மூலை சேரும்போது முகத்தோடு முகம்.
அப்படி ஒரு மடிப்பில் நுர்ஜானிடம் சொல்லிப்போட்டேன்.
சிரித்தாள். அவளிடமும் ஒன்று இருக்கிறதாம், முதுகுவலிக்கு.
பதினோராம் நாளோடு படுத்துவிட்டதாம்.

அன்றிலிருந்து பத்தேகால் இடைவேளையில்
அவள் தரையில் கிடந்து முதுகை வளைக்கிறாள்,
நான் பக்கத்தில் குந்தியிருந்து அழுத்துகிறேன்.
மறந்தவள் காப்பி வாங்கவேண்டும்.
மெஷின் காப்பி எழுபது சென்ட்.
இதுவரை எனக்கு இரண்டு யூரோ பத்து நட்டம்.

குறிப்பு எழுத அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி.
ஒருநாள் அதில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
மறுக்கவில்லை. புரிந்துகொள்ளவும் இல்லை.
புரியாததிடம் என்ன வெட்கம்?
தொங்குரெயில் வளைவில் ஆட,
காலுக்குக் கீழே வூப்பர் ஆறு கலங்கலாய் ஓட,
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி எழுதினேன்:
இவர் பேசும்போது தலையாட்டுகிறேன், காதில் விழுவதில்லை.
எழுதினேன்: மகன் கதவைச் சாத்தினால் நிம்மதி,
பிறகு அந்த நிம்மதியை நினைக்கக் கூச்சம்.
எழுதினேன்: இன்று ஒன்றுமில்லை.
கத்தரிக்காய் நன்றாக வந்தது.

எண்பத்தெட்டாம் நாள் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோனேன்.
டொக்டர் வரைபடத்தைப் பார்த்தார். கோடு நேராய்க் கிடந்தது.
மாற்றமே இல்லையே என்று புரட்டியவர்
தமிழைக் கண்டு நின்றார்.
வாசியுங்கள்.
உங்களுக்கு விளங்காதே.
இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, வாசியுங்கள்.

வாசித்தேன்.
இவர் வந்தார், மகன் வந்தான், குரல் நின்றது.
கத்தரிக்காயில் உடைந்துவிட்டது.
போயும் போயும் ஒரு கத்தரிக்காயில்.

அடுத்த தொண்ணூறுக்கு எழுதித் தந்தார்.
வெளியே வர, காசில்லாத மழை.
போன் அதிர்ந்தது. ஆமை இல்லை, முகங்கள் இல்லை. நுர்ஜான்:
பத்தேகால் தாண்டிப்போச்சு. எங்கே நீ?
காப்பி உன் கணக்கில்.

இரண்டு யூரோ எண்பது.